மேட்டுத் தெருவில் ஒரு தண்ணீர்க் கோடு

வீட்டின் அடித்தள அறைச் சுவரில் ஒரு கோடு இருந்தது.

துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் விழுந்துவிட்ட காலுறையை எடுக்கக் குனிந்தபோதுதான் வெண்டல் கிரைடர் அதைப் பார்த்தார். கணுக்கால் உயரத்தில், வெள்ளையடித்த சுவரைச் சுற்றி, மூலைகளில்கூடக் கொஞ்சமும் பிசகாமல் ஓடி, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்திருந்தது. பென்சிலால் இழுத்ததைப் போல மெலிதாக, பழுப்பாக. அதற்குக் கீழே சுவர் ஒரு சாயல் கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. ஆனால் விரலை மூக்கருகே கொண்டுபோனபோது, அழுகிய இலையும் டீசலும் கலந்த ஆற்றுச் சேற்றின் வாடை தொண்டை வரைக்கும் இறங்கியது.

"என்ன, அங்கயே நின்னுட்ட?" படிக்கட்டின் மேலிருந்து மனைவி நடீன் கேட்டாள்.

"சுவத்துல ஏதோ கறை."

"குழாய் ஏதாவது கசியுதான்னு பாரு வெண்டல். அம்மாவோட பியானோ அங்கதான் இருக்கு."

எந்தக் குழாயும் கசியவில்லை. கறை வெளியிலிருந்து வந்திருக்கவும் முடியாது. லோயர் கென்னார்ட் டவுன்ஷிப் என்ற அந்தச் சிற்றூரே சாய்த்து வைத்த ஒரு தட்டு மாதிரி. அந்தத் தட்டின் உயர்ந்த விளிம்பில் இருந்தது அவர் வீடு. இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக டவுன்ஷிப்பின் சாலைத் துறையைப் பார்த்துக்கொள்பவர் அவர். எந்தத் தெருவில் விழும் மழை எந்தச் சாக்கடை வழியாக எங்கே போய்ச் சேரும் என்பது அவருக்குத் தன் உள்ளங்கையைப் போலத் தெரியும். அவர் வீட்டு வாசலில் விழும் தண்ணீர் ஒரு நிமிடம்கூடத் தங்காமல் கீழே போய்விடும். கீழே என்றால் ஆற்றங்கரையில் இருக்கும் மில்பாட்டம்.

பழைய பெயிண்ட் டப்பாவைத் தேடி எடுத்துச் சுவரைச் சுற்றிக் கோட்டின் மேல் வெள்ளையடித்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையில் கர்ட்டிஸ் மேபெரி வந்தார். 

கர்ட்டிஸும் வெண்டலும் ஒரே பள்ளியில், ஒரே கால்பந்து அணியில் இருந்தவர்கள். கர்ட்டிஸின் குடும்பம், காகித ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே மில்பாட்டத்தில் இருந்தது. ஆலை மூடிய பிறகும் ஆற்றங்கரையின் செங்கல் வீடுகளை விட்டு அவர்களைப் போன்ற கறுப்பினக் குடும்பங்கள் போகவில்லை. மேலே ஆப்பிள் தோட்டத்தை வெட்டி ஆர்ச்சர்ட் ஹைட்ஸ் குடியிருப்பைக் கட்டியபோது அவர்களுக்கு யாரும் வீடு விற்கவும் இல்லை. அது வெண்டல் பிறப்பதற்கு முந்திய கதை. தெருக்களுக்கு ஆப்பிள் வகைகளின் பெயர்களை வைத்தார்கள். வெண்டலின் வீடு இருப்பது வைன்சாப் தெருவில். அந்தத் தெருவில் இப்போது ஒரு ஆப்பிள் மரம்கூட இல்லை.

கர்ட்டிஸ் கையில், சர்க்கரைவள்ளிக் கிழங்கில் சுட்ட இனிப்புப் பலகாரம் ஒன்று இருந்தது. "சர்ச் பொம்பளைங்க பண்ணது. என் ஐரீன் பண்ணினது மாதிரி வராது. ஆனா மோசமில்ல" என்று நடீனிடம் கொடுத்துவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தார். மனைவி போன இந்த ஒரு வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

"மில்பாட்டம் பூங்காவைத் திறக்கறாங்க, அடுத்த வாரம்" என்றார். "வீடெல்லாம் இடிச்சாச்சு, புல்லு போட்டாச்சு. ஐரீன் பேர வைக்கறாங்க. நீ ரெண்டு வார்த்தை பேசணும் வெண்டல்."

"நான் என்னத்தப் பேசறது."

"நீ பேசாம வேற யார் பேசறது? அவள வெளிய தூக்கிட்டு வந்தது நீ."

நடீன் கணவரின் தோளில் கை வைத்தாள். போன வருட வெள்ளத்தின்போது அந்தப் படம் பத்திரிகையில் வந்திருந்தது: விடியற்காலை வெளிச்சத்தில், இடுப்பளவுத் தண்ணீரில், சாலைத் துறையின் மண்வாரி வண்டிக்கு முன்னால், கர்ட்டிஸின் மனைவி ஐரீனின் உடலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெண்டல் நிற்கும் படம். டவுன்ஷிப் அலுவலகத்தில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். வெண்டல் அந்தத் தாழ்வாரத்தைத் தவிர்த்துப் பின்வாசல் வழியாகத்தான் போய் வந்தார்.

கர்ட்டிஸ் காபியைக் குடிக்கவில்லை. கோப்பையின் காதைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். தண்ணியப் பத்தி உன்ன விட இங்க யாருக்கும் தெரியாது."

"கேளு."

"அன்னிக்கு மழை விட்டுடுச்சு. நான் வெளிய வந்து பாத்தேன். மேகம் விலகி நட்சத்திரம்கூடத் தெரிஞ்சுது. தெருவுல தண்ணி கணுக்கால் அளவுதான். சரி, இந்த வாட்டியும் தப்பிச்சோம்னு நெனச்சேன். ஐரீனுக்கு முழங்கால் வலி, பின்பக்கத்துக் கீழ் ரூம்ல படுத்திருந்தா. எழுப்ப வேண்டாம்னு காரை மட்டும் சர்ச் மேட்டுல விட்டுட்டு வரலாம்னு போனேன். திரும்பி வர்றதுக்குள்ள தண்ணி மார்பளவு. கதவைத் தள்ளறேன், தள்ளறேன், தண்ணி அமுக்குது. ஜன்னல்ல கம்பி. உள்ளேர்ந்து அவ தட்டறா." அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "மழையே இல்லாம எப்படிய்யா அப்படி ஏறும்?"

நடீனும் வெண்டலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல காட்டுல எங்கயாவது மரம் விழுந்து ஓடைய அடைச்சிருக்கும்" என்றார் வெண்டல். குரல் இயல்பாகத்தான் வந்தது. "அது ஒடஞ்சா மொத்தமா வரும்."

"அப்ப யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"முடியாது கர்ட்டிஸ்."

கர்ட்டிஸ் தலையாட்டினார். கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சை விட்டார். "நான் காரை எடுக்கப் போனதாலதான்னு நெனச்சு நெனச்சு, ஒரு வருஷமாத் தூக்கமில்ல எனக்கு. கார். ஒரு பழைய கார்."

அவர் போன பிறகு வெண்டல் அடித்தளத்துக்கு இறங்கினார். புது வெள்ளைக்கு மேலே, முழங்கால் உயரத்தில், கோடு ஓடியது.

பியானோவின் கால்கள் கறுத்திருந்தன. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டியைத் திறந்தார். அட்டை காய்ந்துதான் இருந்தது. ஆனால் உள்ளே, கண்ணாடி உருண்டைகளின் மேலெல்லாம் மாவு மாதிரி மெல்லிய வண்டல் படிந்திருந்தது. ஒரு உருண்டையைத் தூக்கிக் குலுக்கினார். அதற்குள் தண்ணீர் தளும்பியது.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது காலடியில் சத்தம் கேட்டது.

தட். தட். சிறிது இடைவெளி விட்டு, தட்.

தரைப்பலகைக்கு அடியிலிருந்து. அடித்தளத்தின் கூரையை யாரோ உள்ளங்கையால் தட்டுவது போல. அவசரமில்லாமல், நம்பிக்கை போய்விட்டவர்கள் தட்டுவது போல.

"ஹீட்டர்" என்றாள் நடீன், பன்றியிறைச்சியை வெட்டிக்கொண்டே. "வருஷா வருஷம் குளிர் ஆரம்பிச்சா இப்படித்தான். ஆள வரச் சொல்லணும்."

வெண்டல் தலையாட்டினார். வாயில் போட்ட இறைச்சியில் ஆற்றுச் சேறு மணத்தது.

வெள்ளம் வந்த இரவில் காட்டில் மரம் எதுவும் விழவில்லை.

கிரிம் ஓடை வடக்குக் காட்டிலிருந்து வருகிறது. ஆர்ச்சர்ட் ஹைட்ஸைக் கட்டியபோது, ஓடையை இரண்டாகப் பிரித்து ஒரு பங்கைக் குழாயில் போட்டு வீடுகளுக்கு அடியில் புதைத்தார்கள். மறு பங்கு பழைய வழியிலேயே திறந்த ஓடையாக மில்பாட்டத்துக்குப் போனது. பிரியும் இடத்தில் ஆலைக்காலத்து இரும்பு மதகு ஒன்று, கைச்சக்கரத்தோடு. அதைத் திறந்து வைத்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் பகிர்ந்து போகும். மூடினால் மொத்தமும் மில்பாட்டத்துக்கு. அதை மூடவே கூடாது என்பது எழுதி வைக்காத விதி. அப்படி ஒரு மதகு அங்கே இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. சாவி வெண்டலிடம் இருந்தது.

புயலின் வால் கடந்து போன அந்த இரவில் மழை விட்டிருந்தாலும், காட்டுத் தண்ணீர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. குழாய் கொள்ளாமல், தெருச் சாக்கடைகள் வழியாக ஆர்ச்சர்ட் ஹைட்ஸின் அடித்தளங்களுக்குள் தண்ணீர் எதிர்த்து வரத் தொடங்கியது. முதலில் தொலைபேசியில் கூப்பிட்டது ராண்டி ஸ்டௌஃபர், டவுன்ஷிப் சபை உறுப்பினர், எதிர்வீட்டுக்காரர். "என்னய்யா பண்ணிட்டிருக்க? என் கார்ப்பெட் மெதக்குது. இந்தத் தெருவே மெதக்குது. ஏதாவது பண்ணு." அடுத்து நடீன். அவள் கேட்டது ஒன்றுதான். "வீட்டுக்கு வந்து பியானோவ நகர்த்த ஒரு கை குடேன்."

வெண்டல் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியைக் காட்டுப் பாதையில் திருப்பினார். சக்கரம் துருப்பிடித்திருந்தது. தொங்கித் தொங்கித்தான் சுற்ற வேண்டியிருந்தது. மதகு இறங்கும்போது ஓடையின் இரைச்சல் ஒரு பக்கமாக ஒதுங்கி, தடித்து, கீழ்நோக்கித் திரும்பியதை அவர் காது கேட்டது. மில்பாட்டத்தில் என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தார். தெருவில் கொஞ்சம் தண்ணீர் ஏறும், அவர்களுக்குப் பழக்கம்தான் என்று யோசித்தார். அந்த வார்த்தைகளில்தான் யோசித்தார்.

விடிவதற்குள் போய் மதகைத் திறந்துவிட்டு, பிறகு மண்வாரி வண்டியை எடுத்துக்கொண்டு ஊரில் எல்லோருக்கும் முன்னால் மில்பாட்டத்துக்குப் போனார். அத்தனை வேகமாகப் போனதற்குத்தான் பாராட்டினார்கள்.

கோடு படியேறி வந்தது.

ஒரு காலையில் அது சமையலறைச் சுவரில் இருந்தது, மேசைக் கால்களில் இருந்தது, குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே மட்டம். வெண்டல் துணியால் தேய்த்தார். போனது. காபி கொதிப்பதற்குள் அதற்கு ஒரு விரற்கடை மேலே மறுபடி இருந்தது. கீழே தட்டும் ஓசை இப்போது இல்லை. அது கூடத்தின் சுவருக்குள் வந்திருந்தது.

நடீனுக்கு இருமல் பிடித்தது. எழுந்தால் தலையணை ஈரமாக இருந்தது. அவள் முடியும் ஈரமாக இருந்தது. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெதுவாக நடந்தாள். கையைத் தூக்கினால் அது மெதுவாக, மிக மெதுவாகத்தான் கீழே வந்தது.

"கோடு தெரியுதா உனக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

"எந்தக் கோடு?"

"இது. இங்க பாரு."

அவர் விரல் போன இடத்தை அவள் பொறுமையாகப் பார்த்தாள். "நீ சரியாத் தூங்கறதில்ல வெண்டல். அந்தப் பூங்கா விஷயம் உன்னப் போட்டு வாட்டுது. போயி பேசிட்டு வந்துடு. சரியாயிடும்." பிறகு இருமினாள். கையால் வாயைப் பொத்தி, உள்ளங்கையைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். துடைத்த இடத்தில் சேறு இருந்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாம். அவள் எதிரே உட்கார்ந்து, கையைப் பிடித்து, மதகை மூடினது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. "டாக்டர்கிட்டப் போலாமா?" என்று கேட்டார்.

மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். படம் எடுத்தார்கள். நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, சாதாரணச் சளிதான் என்றார். ஆனால் குழாயைக் காதிலிருந்து எடுத்த பிறகும் அதன் முனையையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததை வெண்டல் கவனித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கராஜுக்குள் நின்றுகொண்டு ஸ்டௌஃபரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ராண்டி, நான் சொல்லிடப் போறேன்."

"என்னத்த?"

"உனக்குத் தெரியும் என்னத்தன்னு."

"நான் உன்ன அதப் பண்ணு இதப் பண்ணுன்னு சொல்லல. ஏதாவது பண்ணுன்னுதான் சொன்னேன். அத ஞாபகம் வச்சுக்க. நீ வாயத் தொறந்தா உன் வேலை போகும், வீடு போகும். டவுன்ஷிப் மேல கேஸ் வரும். அந்த மனுஷனுக்குத்தான் இப்ப ஒரு நிம்மதி கெடச்சிருக்கே, அதையும் பிடுங்கப் போறியா? செத்தவ திரும்பி வரப்போறாளா?"

"என் வீட்டுச் சுவத்துல..." என்று தொடங்கினார் வெண்டல்.



"பெயிண்ட் அடி" என்றார் ஸ்டௌஃபர். குரல் தாழ்ந்திருந்தது. "நல்ல கெட்டியான பெயிண்ட்டா வாங்கு. நான் நாலாவது கோட்டிங் அடிச்சிட்டிருக்கேன்." தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

பூங்காவைத் திறந்த நாளில் வெயில் இருந்தது. நவம்பர் மாதத்து வெயில், சூடில்லாத வெளிச்சம். மதிய உணவுக்குப் பிறகு கிளம்பும்போது நடீன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். கூட வருகிறேன் என்று சொல்லியிருந்தவள், இப்போது எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்றாள். கோடு அவள் கழுத்தளவில் சுவரெங்கும் ஓடியது.

"நான் போகல" என்றார் வெண்டல். "உன்ன இப்படி விட்டுட்டுப் போகல."

"போ. கர்ட்டிஸ் காத்துட்டிருப்பான்." அவள் சிரித்தாள். "உன்னப் பத்தி எனக்குப் பெருமை தெரியுமா."

மில்பாட்டத்தில் வீடுகள் இருந்த இடமெல்லாம் புல். முன்பு வாசல்கள் இருந்த இடத்தில் பெஞ்சுகள். துணி போர்த்திய ஒரு பலகையின் முன்னால் ஊர் ஜனம் கோட்டும் தொப்பியுமாகக் கூடியிருந்தது. தீயணைப்பு நிலையத்துக்கு உதவும் ஊர்ப் பெண்கள் கோழி சோள சூப் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டௌஃபர் முன்வரிசையில் இருந்தார். அவர் விரல் நகங்களில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. துணியை விலக்கினார்கள். ஆலையைப் பற்றி, ஆற்றைப் பற்றி, இங்கே வாழ்ந்த உழைப்பாளிகளைப் பற்றிப் பலகையில் செதுக்கியிருந்தது. கடைசியில், இயற்கையின் சீற்றத்தில் உயிர்நீத்த ஐரீன் மேபெரியின் நினைவாக என்றிருந்தது.

வெண்டலை அழைத்தார்கள்.

மைக்கின் முன்னால் நின்றபோது, சொல்லிவிடப் போகிறோம் என்றுதான் அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. வார்த்தைகள் நாக்கிலேயே இருந்தன. மதகு. நான். மூடினேன். மூன்றே வார்த்தை. முதல் வரிசையில் கர்ட்டிஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் ஓர் அமைதி இருந்தது. பள்ளிக்காலத்துக்குப் பிறகு வெண்டல் அதைப் பார்த்ததில்லை. இதைப் போய் எப்படி உடைப்பது என்று நினைத்தார். அது கருணை என்றே நினைத்தார்.

"ஐரீன நம்ம எல்லாருக்கும் தெரியும்" என்று ஆரம்பித்தார். "பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்துல நம்ம பிள்ளைங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டவங்க. அன்னிக்கு வந்தது மழை. அது யார் கையிலயும் இல்ல. நாங்க செய்ய முடிஞ்சத செஞ்சோம்."

கை தட்டினார்கள். கையுறை போட்ட கைகள். மொத்தென்று, ஈரமாக, மரத்தில் தட்டுவது போல அது கேட்டது.

கர்ட்டிஸ் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு விலகி, தன் கையைப் பார்த்தார்.

"வெண்டல், உன் மேல்கோட்டெல்லாம் நனஞ்சிருக்கே."

வெண்டல் குனிந்து பார்த்தார். கோட்டுத் துணியில், தோளுக்குச் சற்றுக் கீழே, ஒரு கோடு. பழுப்பாக. நேராக. அதற்குக் கீழே கம்பளி கறுத்துக் கனத்துத் தொங்கியது.

"நடீன்" என்றார்.

"என்னய்யா?"

பதில் சொல்லாமல் வண்டிக்கு ஓடினார்.

வெயில் இறங்கிவிட்டிருந்தது. மேட்டுப் பாதை. சர்ச். பள்ளிக்கூடம். வைன்சாப் தெரு. தெருவில் யாருமில்லை. காய்ந்த மேப்பிள் இலைகள் காற்றில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. சாலை காய்ந்திருந்தது. வாசல் காய்ந்திருந்தது. படிகள் காய்ந்திருந்தன.

வீட்டின் வெளிச்சுவரில் கோடு ஜன்னல்களுக்கு மேலே இருந்தது.

கதவின் பிடியைத் திருப்பினார். திரும்பியது. தள்ளினார். நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். பூட்டிய கதவு போல இல்லை. உள்ளிருந்து எதுவோ, கதவின் முழு அகலத்துக்கும், அசையாமல், பொறுமையாக அமுக்கிக்கொண்டிருந்தது.

பக்கவாட்டில் ஓடினார். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தண்ணீர் இல்லை. அதை அவர் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாற்காலி ஒன்று மேசையை விட்டு எழும்பி, காற்றில், மெதுவாகச் சாய்ந்துகொண்டிருந்தது. நாட்காட்டி ஆணியிலிருந்து விலகி மிதந்தது. அதன் தாள்கள் ஒவ்வொன்றாகப் புரண்டன. மேசைக்கு மேலே, விளக்கை ஒட்டி, நடீன்.

அவள் முடி மேல்நோக்கி விரிந்திருந்தது. பாவாடை பூப்போல அலர்ந்து சுருங்கியது. அவள் அவரைப் பார்த்தாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. நீந்தி வந்து, ஜன்னலில் உள்ளங்கையை வைத்துத் தட்டினாள்.

தட். தட்.

வெண்டல் வண்டியிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்துவந்து கண்ணாடியில் அடித்தார். கம்பி கையில் அதிர்ந்தது. கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. மறுபடி அடித்தார். மறுபடி. எதிர்வீட்டைப் பார்த்துக் கத்தினார். ஸ்டௌஃபரின் வீடு இருண்டு கிடந்தது.

தட்.

"நான்தான்" என்றார் வெண்டல்.

கண்ணாடியில் நெற்றியை வைத்தார். "நடீன். மதகை மூடினது நான்தான். உன் பியானோவுக்காக. இல்ல. உன் பியானோவுக்காக இல்ல. நம்ம வீட்டுக்காக. அவங்களுக்குப் பழக்கம்தான்னு நெனச்சேன். நான்தான் அவளக் கொன்னேன். சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். இப்பவே கர்ட்டிஸக் கூப்பிட்டுச் சொல்றேன். வெளிய வா. நடீன், வெளிய வா."

அவள் கை கண்ணாடியிலேயே நின்றது. அவர் சொன்னது அவளுக்குக் கேட்டுவிட்டது. அது அவள் கண்களில் தெரிந்தது. அந்தக் கண்கள் அவர் முகத்தின் மேல் ஊர்ந்தன, அறிமுகமில்லாத ஒருவரைப் பார்ப்பதைப் போல. மதியம் பெருமையோடு அவரைப் பார்த்த அந்தக் கண்களில் இப்போது எதுவும் இல்லை.

உள்ளங்கை கண்ணாடியை விட்டு விலகியது. தட்டுவது நின்றது. 

அவள் இப்போது கை கால் அசைக்காமல் விளக்குக்கு அருகே மெல்லச் சுழன்றுகொண்டிருந்தாள், முகம் ஒருமுறை தெரிந்தும் ஒருமுறை மறைந்தும். வெண்டல் புல்லில் கைகளை ஊன்றி மண்டியிட்டார். சுற்றிலும் இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கும் ஈரமில்லை. வெண்டலின் கைகளைச் சுற்றி, காய்ந்த புல்லின் மேல், காய்ந்த இலைகளின் மேல், சமையலறை விளக்கின் வெளிச்சம் குளத்தின் அடித்தரையில் விழுவதைப் போல அலையலையாக ஆடிக்கொண்டிருந்தது.